கார்ட்டைப் பொலித்தீன் பைக்குள் இருந்து வெளியே எடுங்கோ

எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் கிளினிக் நடக்கும் நாளில் வந்து பார்த்தால் ஒரு காட்சி தெரியும். வாங்கில் வரிசையாகப் பிள்ளைத்தாச்சிப் பெண்கள். ஒவ்வொருத்தியின் மடியிலும் ஒரு பொலித்தீன் பை. பைக்குள் கர்ப்பிணிப் பதிவேடு, நாங்கள் சொல்வது கார்ட். மழைத்தண்ணி படாமல் இறுக்கி முடிச்சுப் போட்டிருப்பார்கள். மிட்வைவ் அக்காவின், அதாவது குடும்பநல மருத்துவிச்சியின், மேசையில் முடிச்சு அவிழும். அவ எழுதி முடிந்ததும் திரும்பவும் முடிச்சு. வீட்டுக்குப் போனால் அலுமாரிக்கு மேலே, கலியாண அல்பத்துக்குப் பக்கத்தில் ஏறிவிடும். அடுத்த கிளினிக் வரை ஒருவரும் தொடமாட்டார்கள்.

2012 இல் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். மீள்குடியேறி வந்த புதுசு, தறப்பாள் கொட்டில், முதல் பிள்ளை. 34 ஆம் கிழமைக் கிளினிக்கில் பிறசர் பார்த்து ஏதோ எழுதினார்கள். "ரெண்டு கிழமையால வாங்கோ" என்றார்கள், வந்துவிட்டேன். ஒரு கிழமை கழிய மண்டையிடி. கச்சான் ஆய்ந்த வெயில்தான் என்று மாமி நல்லெண்ணெய் வைத்தா. அடுத்த நாள் கண்ணுக்கு முன்னால் மின்னி மின்னி மறைந்தது. இவர் மோட்டார் சைக்கிளில் கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரியில் ஒரு தாதி மிஸ் கார்ட்டைத் திறந்துவிட்டு என்னைத்தான் ஏசினா: "இஞ்ச 140/90 எண்டு எழுதிக் கிடக்கு. இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?" எழுதினவர்கள் எனக்குச் சொல்லவில்லை. எழுதியிருந்ததை நானும் வாசிக்கவில்லை. அம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி, 36 கிழமையில் 2.1 கிலோவில் மகள் பிறந்தாள். இப்போது என்னைவிட உயரம்.

நான் டொக்டரும் இல்லை, மிட்வைவும் இல்லை. முத்தையன்கட்டுப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கிளினிக் நாளில் தாய்மார் ஆதரவுக் குழுவில் போய் இருப்பேன். மருந்து சொல்வது என் வேலை இல்லை. கார்ட்டை வாசிக்கச் சொல்லிக் கொடுப்பதைத்தான் நானாக எடுத்துக்கொண்டேன். வாசிக்கத் தெரிந்தவளுக்குத்தான் கேட்கத் தெரியும்.

முதல் பக்கத்து இங்கிலிஷ் எழுத்துகள்

பயப்படத் தேவையில்லை, மூன்றே மூன்றுதான். எல்.ஆர்.எம்.பி. என்பது கடைசியாக ஒழுங்காக வந்த மாதவிடாயின் முதல் நாள். ஈ.டி.டி. என்பது பிள்ளை பிறக்கும் என்று எதிர்பார்க்கும் திகதி. பி.ஓ.ஏ. என்பது இன்றைக்கு எத்தனை கிழமை என்ற கணக்கு. முதல் திகதியோடு 7 நாளும் 9 மாதமும் கூட்டினால் இரண்டாவது வரும். என் இரண்டாவது பிள்ளைக்கு மார்ச் 20, அதோடு 7 நாள் 27, ஒன்பது மாதம் தள்ளினால் டிசம்பர் 27. நீங்களும் கூட்டிப் பாருங்கள். பிழைத்தால் அன்றைக்கே மிட்வைவிடம் சொல்லுங்கள், ஏனென்றால் பிறகு வரும் முடிவு எல்லாமே இந்தத் திகதியில்தான் நிற்கிறது. மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களும் திகதி மறந்தவர்களும் 14 கிழமைக்குள் ஒரு ஸ்கான் எடுத்துக் கிழமையை உறுதிப்படுத்துவது நல்லது. பிந்தி எடுக்கும் ஸ்கானில் கிழமைக் கணக்கு அவ்வளவு சரியாக வராது. நாள் தள்ளிப்போன உடனேயே, 8 கிழமைக்கு முந்தியே பதியச் சொல்வதும் இதற்குத்தான். "மூண்டு மாதம் முடியட்டும், கண்ணூறு பட்டுடும்" என்று மாமிமார் மறிப்பார்கள். மிட்வைவ் அக்காவின் கண் அப்படிப்பட்ட கண் இல்லை என்று சொல்லிவிட்டுப் போங்கள். போலிக் அசிட் குளிசை வேலை செய்வது அந்த முதல் மூன்று மாதத்தில்தான். கலியாணம் முடித்துப் பிள்ளைக்கு யோசிக்கிறவர்கள் அதற்கும் முந்தியே தொடங்கலாம்.

வன்னியில் ஈ.டி.டி.யைப் பார்த்தவுடன் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அந்த மாதம் ரோட்டில் தண்ணி நிற்குமா? டிசம்பர் 27 என்று எழுதியதும் மிட்வைவ் அக்கா பேனையை வைத்துவிட்டுக் கேட்டா, "மாரியில குளம் வான் பாயுமே பிள்ளை, எப்பிடி வரப்போறாய்?" 38 கிழமையிலேயே நான் முல்லைத்தீவுப் பட்டினத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். 2018 டிசம்பர் 21 இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு முழுக்க வெள்ளம். எங்கள் ஒழுங்கையில் இடுப்பளவு தண்ணி. 23 ஆம் திகதி மகன் பிறந்தான், சின்னம்மா வீட்டிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிசம்.

ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்க்க வேண்டியவை

பிறசர் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் "இண்டைக்கே என்ன செய்யோணும்?" என்று கேட்காமல் எழும்ப வேண்டாம். இரண்டு எண்ணில் ஒன்று தாண்டினாலும் அது கூடின பிறசர்தான். மேல் எண் 130 ஆக இருந்து கீழ் எண் 90 ஐத் தொட்டாலும் கேளுங்கள். சலத்தில் அல்புமின் என்ற இடத்தில் கூட்டல் அடையாளம் விழுந்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்குப் போகும் கதையே இல்லை.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 க்குக் கீழே என்றால் இரத்தச்சோகை. வயிற்றுக்கு மேலே டேப் வைத்து அளப்பது கருப்பையின் உயரம். 24 கிழமைக்குப் பிறகு சென்ரிமீற்றர் எண்ணும் கிழமை எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக வரும், இரண்டு கூடலாம் குறையலாம். அதற்கு மேல் வித்தியாசம் என்றால் ஏன் என்று கேளுங்கள். சீனி பார்க்கும் சோதனை தொடக்கத்தில் ஒருக்கால், 24 இலிருந்து 28 கிழமைக்குள் இன்னொருக்கால். முதல் சோதனை நல்லாக வந்தது என்று இரண்டாவதை விடக்கூடாது. இரத்த வகைக்குப் பக்கத்தில் நெகற்றிவ் என்று இருந்தால் அதைப் பாடமாக்கி வையுங்கள், வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். பிள்ளை பொசிற்றிவ் என்றால் பிறந்து 72 மணித்தியாலத்துக்குள் உங்களுக்கு ஒரு ஊசி போட வேண்டும். ஊசி இந்தப் பிள்ளைக்காக இல்லை, அடுத்த பிள்ளைக்காக.

எங்கள் மண்ணுக்கென்று இன்னொன்று. உடம்பில் போரில் பட்ட செல் துண்டோ சன்னமோ இருக்கிறவர்கள், வயிற்றில் பழைய ஒப்பரேசன் நடந்தவர்கள், முதல் நாளே சொல்லுங்கள். கார்ட்டில் அதற்கென்று தனிக் கோடு இருக்காது. நானே இரண்டு பேருக்குப் பக்கத்தில் இருந்து எழுதுவித்திருக்கிறேன். முதுகில் ஊசி போட்டு விறைக்கப்பண்ணும்போதும், வயிற்றைத் திறக்கும்போதும், சில ஸ்கானுக்கும் டொக்டர் அதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். "பழசைக் கிண்டுவான் ஏன்" என்று மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது விளங்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

குளிசையும் தேத்தண்ணியும்

இரும்புக் குளிசை ஒழுங்காகக் குடித்தும் இரத்தம் ஏறவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "என்னத்தோட குடிக்கிறனீங்கள்?" பாதிப்பேர் சொல்வது பிளேன்ரீ. தேத்தண்ணி இரும்பை உடம்பில் சேரவிடாது, பாலும் கல்சியம் குளிசையும் அப்படித்தான். இரும்பை இரவில் வெறும் தண்ணியோடு, கூடத் தந்த விற்றமின் சி குளிசையோடு குடியுங்கள், இல்லாவிட்டால் தேசிக்காய்த் தண்ணியோடு. கல்சியத்தைக் காலையோ மத்தியானமோ சாப்பாட்டோடு எடுங்கள். தேத்தண்ணிக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயமில்லை.

கிளினிக்கில் தரும் திரிபோஷாச் சத்துமா தாய்க்கு மாதம் இரண்டு பக்கெற், ஒவ்வொன்றும் 750 கிராம். 30 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 50 கிராம். ஆனால் வீட்டில் நடப்பது என்ன? பக்கெற் உடைத்த அன்று பின்னேரம் மூத்ததுகள், மச்சாள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பொடியன் என்று கிண்ணம் சுற்றி வரும். நான் செய்த வேலை இது: தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து, என் பங்கைக் காலையிலேயே இரண்டு உருண்டையாகப் பிடித்து மூடி வைத்துவிடுவேன். மிச்சத்தை யாரும் சாப்பிடட்டும். மற்றும்படி எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் குறையில்லை. குளத்து ஜப்பான் மீன், நெத்தலி, முருங்கையிலை, பயறு, கௌபி, கச்சான். பழுத்த பப்பாசியாலும் அன்னாசியாலும் பிள்ளை கலையாது, அளவாகச் சாப்பிடலாம்.

துடிப்பு எண்ணுவது

28 கிழமைக்குப் பிறகு காலை 9 மணியிலிருந்து பிள்ளை துடிப்பதை எண்ணுங்கள். பத்து வந்ததும் நேரத்தைக் குறித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இரவு 9 மணிக்குள் பத்து வராவிட்டால் விடியும்வரை இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் கடைக் கல்லாவில் பத்துக் கச்சான் கொட்டை வைத்து, துடிக்கத் துடிக்க ஒன்றொன்றாகத் தின்றேன். எண்ணிக்கை தவறவே இல்லை. ஒரு கிழமை எண்ணினால் உங்கள் பிள்ளையின் பழக்கம் பிடிபடும். வழக்கமாகப் பதினொரு மணிக்கே பத்து முடிகிற பிள்ளை மூன்று மணிக்கும் நாலிலேயே நிற்கிறது என்றால், இரவுவரை காத்திருக்க வேண்டாம். கூச்சப்படவும் வேண்டாம். "சும்மா வந்திட்டாள்" என்று யாரும் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இரத்தம் படுதல், தண்ணி உடைதல், விடாத தலையிடி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், காய்ச்சல், கடும் வயிற்று நோ, வலிப்பு, மூச்சு முட்டுதல் இவை எதற்கும் கிளினிக் நாள் பார்க்கக்கூடாது.

எங்கே, எப்படிப் போவது

மிட்வைவிடம் கேட்க வேண்டியது: "எனக்கு எந்த ஆஸ்பத்திரி? அங்க இரவிலயும் ஒப்பரேசன் செய்யலாமோ? இரத்தம் இருக்குமோ?" பிறசர், இரட்டைப் பிள்ளை, முன்பு சீசர் (வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்தது), பிள்ளை குறுக்கே கிடப்பது என்று ஏதும் இருந்தால் கிட்ட உள்ள ஆஸ்பத்திரி போதாது. மகப்பேற்று நிபுணர் இருக்கிற கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாதிரி மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ஒன்றை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். கிளிநொச்சியில் பெண்களுக்கென்று தனிக் கட்டடமே 2024 இல் திறந்தார்கள்.

1990 என்ற எண்ணுக்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். சிக்கல் என்னவென்றால் எங்கள் வீடுகளுக்கு இலக்கமும் இல்லை, ஒழுங்கைக்குப் பெயரும் இல்லை. "சந்தியில இருந்து உள்ளுக்கு" என்றால் கொழும்பில் போன் எடுக்கிறவருக்கு என்ன விளங்கும்? ஆகவே மெயின் ரோட்டில் ஒரு இடத்தைத் தெரிவுசெய்து கார்ட்டின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்: பள்ளிக்கூடம், கோயில், பெரிய மதகு. அங்கே ஒருவர் ரோச் லைற்றோடு நிற்க வேண்டும், அவர் யார் என்பதும் எழுதப்பட வேண்டும். அதுக்குக் கீழே ஓட்டோக்காரர் இரண்டு பேரின் எண். ஒருவர் போதாது, ஒருவர் யானைக்குப் பயந்து இரவில் வரமாட்டார். வீட்டில் எந்த மூலையில் போன் சிக்னல் இருக்கு என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். எங்கள் வீட்டில் அது கிணற்றடி.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: கார்மென்ற்ஸ் போன்ற தனியார் இடங்களிலும் 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் சம்பளத்தோடு 84 நாள் லீவு உண்டு. மூன்றாம் பிள்ளைக்குக் குறைவு என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

டொக்டருக்கு முன்னால்

எங்கள் ஆஸ்பத்திரிகளில் பாதி டொக்டர்மார் தெற்கில் இருந்து வந்த இளம் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், ஆனால் தமிழ் கொஞ்சம்தான். நாங்கள் என்ன செய்வோம்? விளங்காவிட்டாலும் தலையை ஆட்டுவோம். தலையாட்டினால் விளங்கிவிட்டது என்றுதான் அவர்கள் எடுப்பார்கள். விளங்காவிட்டால் தலையை ஆட்டாமல் பக்கத்தில் நிற்கும் மிஸ்ஸைப் பாருங்கள். "மிஸ், எனக்கு விளங்கேல்லை, தமிழில சொல்லுங்கோ" என்று கேட்பது உங்கள் உரிமை. அவசரத்துக்கு இரண்டு சிங்களச் சொல் தெரிந்தால் போதும்: 'ரிதெனவா' என்றால் நோகுது, 'லே யனவா' என்றால் இரத்தம் போகுது.

நோக்காடு தொடங்க மருந்து ஏற்றவோ, சீசருக்கோ, வேறு எதற்குமோ சொன்னால் நாலு கேள்வி. ஏன் செய்யப் போறீங்கள்? இப்பவே செய்யோணுமோ, பொறுக்கலாமோ? செய்யாட்டி எனக்கும் பிள்ளைக்கும் என்ன நடக்கும்? வேற வழி இருக்கோ? கிளினிக்கில் இவற்றைக் கேட்க நேரம் இருக்கிறது, அங்கேயே கேட்டுவிடுங்கள். லேபர் றூமில் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்குது என்றால் அது கேள்வி கேட்கும் நேரம் இல்லை, கையெழுத்தை வையுங்கள். லேபர் றூமுக்குள் ஒரு பெண் துணை நிற்கலாமா என்பதையும் முதலே விசாரியுங்கள், இடத்துக்கு இடம் வேறுபடும். முன்பு சீசர் நடந்தவர்கள் அந்த நேரம் தந்த துண்டைக் கொண்டு போங்கள். ஏன் வெட்டினார்கள் என்பது தெரிந்தால்தான் இந்த முறை தானாகப் பிறக்க விடலாமா என்று டொக்டர் யோசிப்பார்.

இப்போது புதுசாக ஒன்று தொடங்கியிருக்கிறது. சாத்திரியாரிடம் நாளும் நேரமும் குறித்துக்கொண்டு காசு கட்டிப் பிரைவேற்றில் சீசர். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 கிழமைக்கு முன்னால் எடுத்தால் பிள்ளைக்கு மூச்சுக் கஷ்டம் வரும் வாய்ப்புக் கூட. நல்ல நட்சத்திரத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதில் என்ன சிறப்போ எனக்குத் தெரியாது.

பிள்ளை பிறந்த பிறகு, மாமியோடு

பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நெஞ்சில் போட்டுப் பால் குடுங்கள். முதல் வரும் மஞ்சள் நிறத் தடித்த பாலைப் பீச்சி ஊற்ற வேண்டாம், மாட்டின் கடும்புப் பாலை எடுத்து வைத்துச் சாப்பிடுகிற நாங்கள் சொந்தப் பிள்ளைக்கு அதை ஊற்றிவிடுவதா? ஆறு மாதம் முலைப்பால் மட்டும். தண்ணி, தேன், கிரைப் வாட்டர் ஒன்றும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்து வரமுதல் பி.சி.ஜி. ஊசி போட்டாச்சா, குதியில் குத்தி இரத்தம் எடுத்தாச்சா என்று பாருங்கள். இரண்டாவது, தைரொயிட் குறை இருக்கா என்று பார்க்க. அடுத்த ஊசி இரண்டு மாதத்தில்.

வீட்டுச் சண்டையைக் குறைக்க நான் மாமியின் பழக்கங்களை மூன்றாகப் பிரித்தேன். சரக்கு அரைத்த கறி, உள்ளி, மிளகு, வேப்பிலை கட்டுவது, 31 ஆம் நாள் கழிவு எல்லாம் அவவின் பாடு, ஒரு சொல் மறுத்ததில்லை, கறி நல்ல ருசியும். தண்ணி குடிக்க விடாமல் வைப்பது, சாம்பிராணிப் புகைக்கு மேல் பிள்ளையைப் பிடிப்பது, கண்ணுக்குள் மை இவற்றை மிட்வைவ் அக்காவின் வாயால் சொல்வித்து நிற்பாட்டினேன். நான் சொல்லியிருந்தால் ஒரு மாதம் கதையாமல் இருந்திருப்பா. தொப்புளில் சாம்பலோ பவுடரோ போடுவதற்கு மட்டும் நேராகவே கையை நீட்டி மறித்தேன். காயவிட்டால் தானாக விழும்.

மஞ்சள் பார்க்கும் விதம்: பகலில் முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து மூக்கு நுனியை விரலால் அமத்தி எடுங்கள், தோல் மஞ்சளாகத் தெரியும். பிறந்த முதல் நாளிலேயே மஞ்சள் என்றாலும், உள்ளங்கை உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டாலும் வெயிலில் பிடித்துக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்கு. பால் குடிக்காமல் சோர்ந்து கிடத்தல், காய்ச்சல், உடம்பு குளிர்தல், நிமிசத்துக்கு 60 க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்ளே இழுபடுதல், தொப்புளைச் சுற்றிச் சிவத்தல் என்றாலும் அப்படியே.

தாயையும் பாருங்கள். இரத்தம் துணி துணியாக நனைவது, காய்ச்சல், நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல். பிறசரால் வரும் வலிப்பு பிள்ளை பிறந்த பிறகும் வரலாம், தலையிடியை விட்டுவிடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேலாக அழுகை, நித்திரையின்மை, பிள்ளையைப் பார்க்கவே விருப்பமில்லை என்றால் அதுவும் வருத்தம்தான். முதல் பத்து நாளுக்குள் மிட்வைவ் வீட்டுக்கு வருவா, அவவை உள்ளே கூப்பிட்டுத் தனியாகச் சொல்லலாம். எனக்கு மூத்தவளோடு அப்படி இருந்தது. அம்மா உயிரோடு இல்லாத வீட்டில் பிள்ளை பெறுவது எப்படி என்று எழுத வெளிக்கிட்டால் இது வேறு கட்டுரையாகிவிடும்.

கடைசி அலுவல் பிறப்புப் பதிவு. 42 நாளுக்குள். ஆஸ்பத்திரி தந்த துண்டு, அடையாள அட்டைகள், கலியாணப் பதிவுத் துண்டு கொண்டு போங்கள். பதிவாளர் எழுதி முடித்துத் திருப்பி வைத்ததும் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெயரைத் தமிழிலும் இங்கிலிஷிலும் எழுத்தெழுத்தாக வாசியுங்கள். என் மகனின் பெயரில் ஒரு 'ஹெச்' விட்டுப்போய்விட்டது. இவர்தான் கையெழுத்து வைத்தார், அவர் வாசிக்கவில்லை.